காலை நீட்டி உட்கார ஓர் இடம்

சென்ற மாதம் அம்மாவின் வீட்டில் புதிய தொலைக்காட்சியைச் சுவரில் மாட்டுவதற்காக, கூடத்துச் சிமெண்டுத் தட்டில் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இருந்த பழைய பெட்டியைக் கீழே இறக்கினேன். அந்தக் காலத்துப் பெட்டியைத் தூக்கியவர்களுக்குத் தெரியும், எடை முழுவதும் முன்பக்கக் கண்ணாடியில்தான் இருக்கும்; முதுகைப் பிடித்துத் தூக்கினால் முகம் குப்புறக் கவிழப் பார்க்கும். ஆகவே கண்ணாடியை நெஞ்சோடு அணைத்து, தூங்கும் பிள்ளையை இடம் மாற்றுவதைப்போல்தான் அதைத் தூக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகள், "இது ஏம்ப்பா இவ்வளவு பெரிய முதுகோட இருக்கு?" என்று கேட்டாள். படக்குழாயின் கழுத்திலிருந்து புறப்படும் எலெக்ட்ரான் கற்றை திரையின் மூலை முடுக்கெல்லாம் போய் விழுவதற்கு அவ்வளவு தூரம் தேவைப்பட்டது என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "யய்யா, மெல்லப் பிடி. அது இலவச டிவி."

எங்கள் வீட்டில் அந்தப் பெட்டிக்குப் பெயரே அதுதான். தெருவில் சிலர் கலைஞர் டிவி என்றும் சொன்னார்கள். அதே பெயரில் ஓர் அலைவரிசையும் இருந்ததால் பேச்சில் குழப்பம் வரும், அதனால் அம்மா இலவச டிவி என்றே சொல்லிப் பழகிவிட்டார். அவர் சொல்லும்போது அந்தச் சொல்லில் இளக்காரம் இருக்காது. நான் வேலை பார்க்கும் இடத்தில், தேநீர் இடைவேளையில், இரயில் பயணத்தில் எதிர் இருக்கையில் அமர்ந்திருப்பவரிடம் அதே சொல்லைக் கேட்கும்போது மட்டும் அது வேறொரு சொல்லாகிவிடுகிறது. "இலவசத்தைக் கொடுத்துச் சோம்பேறி ஆக்கிவிட்டார்கள்" என்னும் வாக்கியத்தை இத்தனை ஆண்டுகளில் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் பதில் சொல்ல நினைத்து, எங்கிருந்து தொடங்குவதென்று தெரியாமல் பேசாமல் இருந்திருக்கிறேன். பெட்டியைக் கீழே இறக்கி வைத்த அன்றுதான், அம்மா எங்கே உட்கார்ந்தார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும் என்பது எனக்குப் புலப்பட்டது.

1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியது என்றாலும், சாத்தூர்ப் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்கு அது செய்தித்தாளில் படிக்கும் சேதியாகவே பல ஆண்டுகள் இருந்தது. கொடைக்கானல் மலையில் சக்தி வாய்ந்த ஒளிபரப்புக் கோபுரம் வந்த பிறகுதான் தென் மாவட்டங்களின் மொட்டை மாடிகளில் மீன்முள் போன்ற ஆண்டெனாக்கள் முளைத்தன. எங்கள் தெருவில் முதலில் முளைத்தது எதிர்வீட்டு மாடியில். அந்த வீட்டுக்காரர் மொத்த வியாபாரி, நல்ல மனிதர், கையை வீசிக் கொடுக்கக்கூடியவர். காற்றடித்து ஆண்டெனா திரும்பிவிட்டால் என்னைப்போன்ற சிறுவர்கள்தான் மாடியேறித் திருப்புவோம். கீழேயிருந்து "வந்துருச்சு… போயிருச்சு… கொடைக்கானல் பக்கமாத் திருப்பு" என்று குரல் வரும். படம் தெளிந்ததும் நாங்கள் இறங்கி வருவதற்குள், வெள்ளிக்கிழமை இரவென்றால் ஒளியும் ஒலியும் நிகழ்ச்சியில் ஒரு பாட்டு முடிந்திருக்கும். அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை, ஆண்டெனாவைத் தொட்டவன் நான் என்ற உரிமை இருந்தது. பெரியவர்களுக்கு அந்த உரிமை இல்லை.

அடுத்தவர் வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்ப்பதற்கு எழுதப்படாத சில முறைகள் இருந்தன. நாற்காலியும் கட்டிலும் வீட்டாருக்கு உரியவை. தெருவிலிருந்து வருகிறவர்களுக்குத் தரை. தரையிலும் திரைக்கு நேராக வீட்டுப் பிள்ளைகள், அவர்களுக்குப் பின்னால் நாங்கள், கடைசியில் நிலைப்படியை ஒட்டிப் பெண்கள். அம்மா எப்போதும் நிலைப்படிக்கு அருகில், முழங்காலைக் கட்டிக்கொண்டு, சேலையை இழுத்துப் பாதத்தை மூடியபடி உட்காருவார். விருந்தாளி வந்தால் யாரும் சொல்லாமலே எழுந்துவிட வேண்டும். வீட்டார் சாப்பிட உட்கார்ந்தாலும் எழுந்துவிட வேண்டும். விளம்பரம் வந்ததும் மின்கட்டணத்தை நினைத்து வீட்டுக்காரம்மா பெட்டியை அணைத்தால், அவர் மறுபடி போடும்வரை அணைந்த திரையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்க வேண்டும். "போடுங்க அக்கா" என்று கேட்கக்கூடாது. சிரிப்பதற்கும் ஓர் அளவு உண்டு. பாட்டு நன்றாக இருந்தாலும் வீட்டுக்காரர் நன்றாக இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் நாம் தலையாட்ட வேண்டும். இவற்றையெல்லாம் யாரும் எங்களுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. வீட்டில் ஒன்று இல்லாதவர்களுக்கு இவை தாமாகவே தெரிந்துவிடுகின்றன.

அந்த நிலைப்படிக்கும் வெளியே ஒரு வரிசை இருந்தது என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். தெற்குத் தெருவிலிருந்து வருகிற பிள்ளைகள் வீட்டுக்குள் வரமாட்டார்கள். தெருப்பக்கச் சன்னலுக்கு வெளியே திண்ணையின் ஓரத்தில் கால் வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். மழை வந்தால் நனைந்துகொண்டு நிற்பார்கள். அவர்களை யாரும் விரட்டவில்லை, யாரும் உள்ளே கூப்பிடவும் இல்லை. நான் பள்ளியில் அவர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மாலையில் நான் உள்ளே, அவர்கள் வெளியே. அன்றைக்கு அது எனக்குத் தப்பாகப் படவில்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் இப்போது எனக்கு மனம் வலிக்கிறது. உள்ளே உட்கார்ந்திருந்த எங்களுக்கும் அந்த வீட்டில் எழுந்துபோகும் முறை ஒன்று இருந்ததே, அதை வைத்தாவது அவர்கள் நிலையை நான் உணர்ந்திருக்க வேண்டும்.

எழுந்துபோகும் முறை எனக்கு முதன்முதலில் உறைத்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. 1996 உலகக் கோப்பைக் காலிறுதி, மார்ச் 9, பெங்களூரில் இந்தியாவும் பாகிஸ்தானும் ஆடிய பகலிரவு ஆட்டம். அஜய் ஜடேஜா கடைசி நேரத்தில் 25 பந்துகளில் 45 ஓட்டங்கள் அடித்ததை எதிர்வீட்டுத் தரையில் உட்கார்ந்து, கையை வாயில் பொத்திக்கொண்டு பார்த்தேன். பாகிஸ்தான் ஆடத் தொடங்கி, ஆமிர் சோகைலும் சயீத் அன்வரும் நாலாப் பக்கமும் விரட்டிக்கொண்டிருந்த நேரத்தில், அந்த வீட்டுப் பெண்ணைப் பார்ப்பதற்கு யாரோ உறவினர்கள் வந்துவிட்டார்கள். தரையிலிருந்தவர்கள் அத்தனை பேரும் சேர்ந்தாற்போல் எழுந்தோம். கதவு சாத்தப்பட்டது, சன்னலும் சாத்தப்பட்டது. நான் தெருவில் மின்கம்பத்தின் கீழே நின்றுகொண்டிருந்தபோது தெருக்கோடித் தேநீர்க்கடையிலிருந்து ஒரு கூச்சல் எழுந்தது. நான்கு ஓட்டம் அடித்துவிட்டு மட்டையைக் காட்டிச் சவால் விட்ட சோகைலை அடுத்த பந்திலேயே வெங்கடேஷ் பிரசாத் ஸ்டம்பைப் பெயர்த்து அனுப்பிய கூச்சல் அது. அந்தப் பந்தை அதற்குப் பிறகு நான் கைப்பேசியில் நூறு முறையாவது பார்த்திருப்பேன். ஒவ்வொரு முறையும் முதலில் நினைவுக்கு வருவது சாத்திய கதவுதான்.

ஆகவேதான், "அந்தக் காலத்தில் ஒரு வீட்டில் டிவி இருந்தால் ஊரே கூடி உட்கார்ந்து பார்த்தோம், இன்று ஆளுக்கொரு கைப்பேசியோடு தனித்தனியாகப் போய்விட்டோம்" என்று பொங்கல் சிறப்பு நிகழ்ச்சிகளிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களிலும் ஏக்கத்தோடு பேசப்படுவதை என்னால் முழுமனதோடு ஏற்க முடிவதில்லை. ஊர் கூடியது உண்மைதான். யார் கட்டிலில் இருந்தார்கள், யார் நிலைப்படியில் இருந்தார்கள், யார் சன்னலுக்கு வெளியே நின்றார்கள் என்பதைச் சொல்லாமல் கூடியதை மட்டும் சொன்னால் அது பாதி உண்மை. அந்த ஏக்கத்தைப் பெரும்பாலும் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தவர்களிடமே நான் கேட்டிருக்கிறேன். அம்மா ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை.

2006 சட்டமன்றத் தேர்தலின்போது, வீட்டுக்கு ஒரு வண்ணத் தொலைக்காட்சி இலவசமாகத் தரப்படும் என்று தி.மு.க. வாக்குறுதி அளித்தது, கிலோ அரிசி இரண்டு ரூபாய் என்பதும் அதே அறிக்கையில்தான் இருந்தது. ஆட்சிக்கு வந்ததும், அண்ணா பிறந்தநாளான செப்டம்பர் 15 அன்று திட்டம் தொடங்கப்பட்டு, 2011 வரை கட்டம் கட்டமாக ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குப் பதினான்கு அங்குலப் பெட்டிகள் போய்ச் சேர்ந்தன. எங்கள் ஊருக்கு 2008இல் முறை வந்தது. அம்மா அன்று தீப்பெட்டி ஆபீசில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, குடும்ப அட்டையைப் பாலித்தீன் பையில் சுற்றி, டோக்கனை அதற்குள் நான்காக மடித்து வைத்துக்கொண்டு பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையில் நின்றார். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவர், கைநாட்டு வைக்கச் சொல்லி மைப்பெட்டியை நகர்த்தியவரிடம் பேனாவைக் கேட்டு வாங்கி, எழுத்துக்கூட்டித் தன் பெயரை எழுதினார். தம்பி சைக்கிள் கேரியரில் பெட்டியை ஏற்ற, இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொள்ள, ஒரு கல்யாணச் சீர் வருவதுபோல் அது தெருவுக்குள் வந்தது. வரிசையில் தெற்குத் தெருக்காரர்களும் இருந்தார்கள். அவர்களுக்கும் அதே அளவுப் பெட்டி, அதே அரசு முத்திரை.

கேபிள்காரர் மறுநாள்தான் வந்தார். பெட்டியின் பின்பக்கத்தில் அவர் பின்னைச் செருகி ஒவ்வொரு அலைவரிசையாகப் பதிந்து கொடுத்த அன்று இரவு, அம்மா பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து, சுவரில் முதுகைச் சாய்த்து, இரண்டு காலையும் முன்னால் நீட்டி உட்கார்ந்தார். நான் அன்று விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தேன். தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்குவது என்பது, குச்சிகளைக் கட்டையின் காடிகளில் வரிசை வரிசையாகப் பதிக்கும் வேலை. காலையிலிருந்து மாலைவரை காலை மடக்கிக்கொண்டு செய்ய வேண்டியது. வேலையில் மடக்கிய காலோடு எதிர்வீட்டிலும் இருபது ஆண்டுகள் மடக்கியே உட்கார்ந்தவர், திரைக்கு எதிரே முதன்முதலாகக் காலை நீட்டினார். பாதத்தில் பித்தவெடிப்பு இருந்தது. சேலையை இழுத்து அதை மூடவில்லை. விளம்பரம் வந்தபோது ரிமோட்டைத் தேடி எடுத்து, அணைக்கப்போகிறார் என்று நான் நினைத்தால், சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தார். ஒரு வசனத்துக்கு வாய்விட்டுச் சிரித்தார். அம்மாவுக்கு அவ்வளவு சத்தமாகச் சிரிக்க வரும் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது.

இந்தத் திட்டத்தின்மீது சொல்லப்பட்ட குறைகளில் நியாயமானவை உண்டு. அவற்றை நான் மறைக்கப் பார்க்கவில்லை. பெட்டி இலவசமாக வந்தாலும் அதற்குள் படம் வர மாதந்தோறும் கேபிள் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. ஆளுங்கட்சித் தலைமையின் உறவினர்கள் தொலைக்காட்சித் தொழிலில் பெரிய இடத்தில் இருந்ததால், பெட்டியைக் கொடுப்பது யாருக்கு ஆதாயம் என்ற கேள்வி எழுந்ததும் இயல்பே. 2011இல் ஆட்சி மாறி, அரசு கேபிள் நிறுவனம் மாதம் எழுபது ரூபாய்க்கு இணைப்புத் தரத் தொடங்கியபோது, அம்மாவைப் போன்றவர்களின் கையில் மிஞ்சிய காசுதான் அந்தக் கேள்வி எவ்வளவு சரியானது என்பதைக் காட்டியது. மின்வெட்டு இன்னொரு குறை. 2008 தொடங்கி நான்கைந்து ஆண்டுகள் எங்கள் மாவட்டத்தில் ஒரு நாளைக்குப் பல மணி நேரம் மின்சாரம் இருக்காது. தொடரின் முக்கியமான காட்சியில் திரை ஒரு புள்ளியாகச் சுருங்கி மறையும். இருட்டில் அம்மாவின் பெருமூச்சு கேட்கும். பெட்டி வாங்கிய பணத்தில் மின்னுற்பத்தியைப் பெருக்கியிருக்கலாமே என்று அன்று கேட்டவர்களிடம் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் பள்ளி, மருத்துவமனை, மின்சாரம் ஆகியவற்றை ஒரு பக்கமும் தொலைக்காட்சியை இன்னொரு பக்கமும் வைத்து, ஏழைக்கு முதலில் சொன்னவை மட்டும் போதும், பாட்டும் கதையும் அவனுக்கு எதற்கு என்று கேட்கிறவர்களிடம் எனக்குச் சண்டை உண்டு. உழைத்துக் களைத்து வருகிறவருக்கு இரவில் ஒரு மணி நேரம் தன் வீட்டில் ஒரு கதை பார்க்க வேண்டும் என்ற ஆசை, பசியைப்போலவே மதிக்கத்தக்கதுதான் என்பது என் எண்ணம்.

இந்த இலவசங்களை எதிர்த்துத் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2013 ஜூலை 5 அன்று வந்த தீர்ப்பு, தேர்தல் அறிக்கையில் இத்தகைய பொருள்களைத் தருவதாக வாக்களிப்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆம் பிரிவின்கீழ் முறைகேடான செயலாகாது என்றது. ஆனாலும் இலவசங்கள் நேர்மையான தேர்தலின் வேரை அசைக்கின்றன என்று கவலை தெரிவித்து, தேர்தல் அறிக்கைகளுக்கு வழிகாட்டு நெறிகளை வகுக்குமாறு தேர்தல் ஆணையத்துக்கு உத்தரவிட்டது. 2022இல் பிரதமர் இத்தகைய திட்டங்களை இந்தியில் ரேவடி என்னும் எள்ளு மிட்டாயோடு ஒப்பிட்டுப் பேசினார். அதே ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் பழைய தீர்ப்பை மறுபடி ஆராய மூன்று நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பியது. அந்த வாரங்களில் எந்த அலைவரிசையைத் திருப்பினாலும் கோட்டு அணிந்தவர்கள் நான்கு கட்டங்களில் உட்கார்ந்து இலவசத்தைப் பற்றி விவாதித்துக்கொண்டிருந்தார்கள். அந்த விவாதத்தை அம்மா இலவச டிவியில்தான் பார்த்தார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு என்னிடம், "நாம வாங்குற உப்புக்கும் புளிக்கும் வரி இல்லையாய்யா?" என்றார். நான் இருக்கிறது என்றேன். "அப்ப யாரு வீட்டுக் காசுன்னு பேசிக்கிட்டு இருக்காங்க?" என்று கேட்டுவிட்டு, அலைவரிசையை மாற்றினார்.

2011இல் ஆட்சிக்கு வந்த அ.தி.மு.க. மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி மூன்றையும் கொடுத்தது. பிளஸ் டூ, கல்லூரிப் பிள்ளைகளுக்கு மடிக்கணினி கொடுத்தது. அதுவும் ஒரு செப்டம்பர் 15 அன்றுதான் தொடங்கியது. பயன் என்று மட்டும் பார்த்தால் இவற்றைத்தான் முன்னால் வைக்க வேண்டும். ஆட்டுரலில் மாவாட்டித் தோள்பட்டை தேய்ந்த பெண்கள் எங்கள் தெருவிலேயே எத்தனையோ பேர். கிரைண்டர் அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்த மாலை நேரத்தை எந்தக் கணக்காலும் அளக்க முடியாது. என் அக்கா மகள் அந்த மடிக்கணினியில்தான் பொறியியல் படிப்பின் நான்கு ஆண்டுகளையும் ஓட்டினாள். விசைப்பலகையில் இரண்டு எழுத்துகள் தேய்ந்து மறைந்த பிறகும் விரல் பழக்கத்தில் அடித்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் தொலைக்காட்சியை மட்டுமே நான் தனியாக எடுத்துப் பேசுகிறேன் என்றால், மற்றவை வேலையைக் குறைத்தன, இது ஒருவரை நிலைப்படியிலிருந்து எழுப்பி வீட்டுக்குக் கூட்டிவந்தது. 2023 செப்டம்பர் 15 முதல் மகளிர் உரிமைத்தொகையாக மாதம் ஆயிரம் ரூபாய் அம்மாவின் வங்கிக் கணக்கில் வருகிறது. பொருளாகக் கொடுப்பதைவிடப் பணமாகக் கொடுப்பதே மேல், எது வேண்டும் என்பதை அவரவர் முடிவு செய்யட்டும் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. அம்மாவுக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. 2008இல் பணமாகக் கொடுத்திருந்தால் அது தம்பியின் கடனுக்குப் போயிருக்கும், தனக்கென்று ஒரு டிவி வாங்கத் தனக்கே மனம் வந்திருக்காது என்கிறார். அவர் சொல்வதை என்னால் மறுக்க முடியவில்லை.

மதுரையில் என் வீட்டில் நாங்கள் மூன்று பேர், திரைகள் ஐந்து. கூடத்திலிருக்கும் தொலைக்காட்சி வாரத்தில் நான்கு நாள் அணைந்தேதான் இருக்கிறது. மகள் கட்டிலில் குப்புறப் படுத்து, காலை ஆட்டிக்கொண்டு, கைப்பேசியில் தான் விரும்பியதை விரும்பிய நேரத்தில் பார்க்கிறாள்; பாதியில் நிறுத்தி மூன்று நாள் கழித்துத் தொடர்கிறாள். அவள் அதிகம் பார்க்கிறாள் என்பதில் எனக்குக் கவலை உண்டு, அதைப்பற்றி வீட்டில் பேச்சும் நடக்கும். ஆனால் ஒரு திரைக்கு முன்னாலிருந்து யாருக்காகவோ எழுந்து வெளியே போக வேண்டிய அவசியம் அவளுக்கு இதுவரை வந்ததில்லை. அதை நினைத்து நான் உள்ளூர மகிழ்கிறேன் என்பதை அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

2020இல் பள்ளிகள் மூடப்பட்டு, என் அலுவலக வேலையும் வீட்டிலிருந்தே என்றான பிறகு, ஆகஸ்டு மாதத்தில் நாங்கள் மூவரும் ஊரில்தான் இருந்தோம். முந்தைய ஆண்டு தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சியில் ஜூலை முதல் வகுப்புவாரியாகப் பாடம் ஒளிபரப்பானது. ஒரு நாள் காலை, தெற்குத் தெருவிலிருந்து எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண் பிள்ளை ஒருத்தி, நோட்டும் பேனாவுமாக எங்கள் வாசலில் வந்து நின்றாள். அவர்கள் வீட்டு இலவச டிவி முந்தைய ஐப்பசியில் இடி விழுந்து கேபிள் வழியாகக் கருகிவிட்டது. வீட்டிலிருந்த ஒரே கைப்பேசி அப்பாவோடு திருப்பூருக்குப் போயிருந்தது. அவள் எதுவும் கேட்கவில்லை. சன்னல் பக்கம் நகர்ந்து, கம்பியைப் பிடிக்கப் போனாள். முப்பது ஆண்டுகளுக்கு முன் எதிர்வீட்டில் நான் பார்த்த அதே கை வைப்பு. அவளுடைய அப்பா என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன்.

அம்மா எழுந்து வாசலுக்கே போய், "உள்ள வா தாயி" என்றார். அவள் நிலைப்படியை ஒட்டி, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அம்மா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தாம் வழக்கமாகச் சாய்ந்து உட்காரும் சுவரைக் காட்டி, "இங்க வந்து சாஞ்சுக்க. நல்லாக் காலை நீட்டி உக்காரு. எழுதணும்ல" என்றார். அவள் தயங்கி எழுந்து வந்து உட்கார்ந்தாள். காலை உடனே நீட்டவில்லை, பாடம் பாதி ஓடிய பிறகு, தன்னை அறியாமல் நீட்டினாள். அன்று முதல் நாள்தோறும் வந்தாள். இரண்டு வாரத்தில் அவளோடு இன்னும் மூன்று பிள்ளைகள் வந்தார்கள். தெருவில் ஓரிரு வீடுகளில் முணுமுணுப்பு எழுந்தது. அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு நாள் அமிலங்களும் காரங்களும் என்ற பாடம். மஞ்சள் காரத்தோடு சேர்ந்தால் சிவப்பாக மாறும் என்று ஆசிரியை சொல்லிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய்விட்டது. கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா, "ஆரத்தி கரைக்கிறது அதுதான தாயி?" என்று கேட்டார். பிள்ளைகள் விழித்தார்கள். அவர் எழுந்துபோய் ஒரு கிண்ணத்தில் மஞ்சள்தூளைக் கரைத்து, தம் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பை விரலில் தொட்டு அதில் கலக்கினார். நீர் ஆரத்தி நிறத்துக்கு வந்தது. அந்தப் பெண் பிள்ளை நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பாட்டி, எலுமிச்சம்பழம் இருக்கா?" என்றாள். அரை மூடியைப் பிழிந்து துளித் துளியாக விட்டாள். சிவப்பு கலைந்து, கிண்ணத்தில் மறுபடி மஞ்சள் திரும்பியது. அறுபது வயதைக் கடந்த, எத்தனையோ கல்யாணத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் ஆரத்தி கரைத்த அம்மா அதைக் குனிந்து பார்த்தார். "இன்னொருக்கா செய்யி" என்று சொல்லி, சுண்ணாம்புப் பெட்டியை அவள் பக்கமாக நகர்த்தி வைத்தார்.